ஐஎஸ்ஓ 400-ல் தவறிய நீர்நாய்

விடியற்காலை ஆறேகால் மணி. ஆற்றின் அக்கரையில் நீர்நாய் ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறியது. அதற்காக நான்கு நாட்களாக இந்தக் கரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். மீனை முன்கால்களால் அழுத்திப் பிடித்து, தலையை ஆட்டி ஆட்டிக் கடித்தது. இரண்டு நிமிடம் இருந்திருக்கும். அறுபது படங்களுக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், பாறையில் படிந்த பாசிகூடத் துல்லியமாகத் தெரிந்தது. நீர்நாயின் முகம் மட்டும் எல்லாப் படத்திலும் இழுபட்டுக் கலங்கியிருந்தது.

படத்தின் விவரத்தைத் திறந்தேன். ஷட்டர் திறந்திருந்த நேரம் 1/80 நொடி, லென்ஸின் திறப்பு (அபெர்ச்சர்) எஃப் 5.6, படத்தின் பிரகாசத்தை ஏற்றும் ஐஎஸ்ஓ 400. படத்தில் குருணை, அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், விழுந்துவிடும் என்ற பயத்தில் ஐஎஸ்ஓவை 400-க்கு மேல் போக விடாமல் வைத்திருந்தேன். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு என் கை நடுக்கத்தைச் சமாளித்துவிட்டது. விலங்கின் அசைவை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும்.

அன்று 1/640 இருந்திருந்தால் அந்த முகம் நின்றிருக்கும். 80-லிருந்து 160, 320, 640 என்று மூன்று படி. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 400-லிருந்து 800, 1600, 3200 என்று ஏறவேண்டும். லென்ஸ் ஏற்கெனவே முழுதாகத் திறந்திருந்ததால் வேறு வழியும் கிடையாது. 3200-ல் வரும் குருணையைக் கணினியில் பெருமளவு குறைத்துவிடலாம். கலங்கிய கண்ணை எதை வைத்தும் தெளிவாக்க முடியாது.

இன்னொன்றும் புரிந்தது. குருணைக்கு முக்கியமான காரணம் கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்குப் போதிய வெளிச்சம் கிடைக்காததுதான். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் தூக்கினாலும் அதே குருணை வரும், சில கேமராக்களில் அதைவிட மோசமாகவும் வரும்.

அதனால் இப்போது மேனுவலில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் நானே வைக்கிறேன், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுகிறேன். அசையாமல் நிற்கும் மானுக்கு 1/250 போதும். நடந்தால் 1/500, ஓடினால் 1/1600. பெரிய பறவை சிறகை விரித்து மிதந்தால் 1/1250, மீன்கொத்தி பாய்ந்தால் 1/3200-க்குக் குறைய விடமாட்டேன். வெயில் ஏறியபின் ஐஎஸ்ஓ தானாகவே இறங்கிவிடும். உச்சிவெயிலில் நான் கேமராவை மூடிவைத்துவிடுவேன். தரையிலிருந்து எழும் வெக்கையில் தூரத்து விலங்கு நெளிந்து தெரியும், எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது.

சரி, வேகம் முடிந்தது. அடுத்து என் கட்டைவிரல் எப்போதும் இருக்குமிடம் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா தானாகக் கணிக்கும் வெளிச்சத்தை நாமே கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு. இப்போதைய பல கேமராக்களில் ஆட்டோ ஐஎஸ்ஓவோடும் இது வேலை செய்யும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வெள்ளைக் கொக்கு. நிழல் படிந்த கருத்த நீருக்கு முன்னால் அது நிற்கிறது. படத்தின் பெரும்பகுதி இருட்டு என்பதால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகள் ஒரே சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அங்கே நான் ஒரு படி குறைப்பேன், வெயில் நேராக விழுந்தால் ஒன்றரை. அதே கொக்கு எழுந்து வெளிறிய வானத்துக்கு வந்ததும் கதை தலைகீழ். வானத்தைப் பார்த்து மீட்டர் குறைக்கும், நான் ஒரு படி கூட்டவேண்டும். கரிய பறவை என்றால் இரண்டு படிகூட. கொக்கு கிளம்பும் அந்த நொடியில் விரல் தானாகத் திரும்பவேண்டும். இது பழகவே எனக்கு ஒரு வருடம் ஆனது. வெளுத்துப்போன இறகை, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலிருந்தும் மீட்க முடியாது, அதனால் சந்தேகம் வந்தால் கொஞ்சம் குறைவாகவே வைக்கிறேன்.

அபெர்ச்சரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரும்பாலும் முழுத் திறப்புதான். ஆனால் 500 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 5.6 வைத்து, பத்து மீட்டரில் உள்ள விலங்கை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் போய்விடும். அதனால் ஃபோகஸ் புள்ளி கண்ணில்தான் இருக்கவேண்டும். இரண்டு விலங்குகள் முன்னும் பின்னுமாக நிற்கும்போது, வெளிச்சம் இடம் கொடுத்தால், திறப்பைச் சுருக்கி எஃப் 8 வைப்பேன், தெளிவாக விழும் ஆழம் கூடும்.

அந்த நீர்நாயை அப்புறம் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மழைமேகம் கவிந்த காலை, 1/800, ஐஎஸ்ஓ 8000. வாயில் மீன் இல்லை. அதே பாறையில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு, ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டு நீரில் இறங்கியது. படத்தில் நிழல் முழுக்கக் குருணை. மீசையில் தொங்கிய நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.