அப்பாவின் குளிசையும் அடைபட்ட முகத்துவாரமும்

பெருங்குடல் கட்டியை வெட்டியெடுத்து ஒன்றரை மாதத்தில் அப்பாவுக்குக் கீமோ தொடங்கியது. ஒக்ஸாலிபிளாட்டின் ஏற்றிவிட்டு, கபெசிட்டபின் குளிசையைக் காலையும் மாலையும் 14 நாள் விழுங்கச் சொன்னார்கள். அப்பா மட்டக்களப்புக் கல்லடியில் மீன் வியாபாரி. ஐஸைத் தொட்டால் விரல் விறைக்கும் என்று எச்சரித்திருந்தார்கள். அதற்கு மட்டும் ஆயத்தமாக இருந்தோம்.

வந்தது வேறு. ஐந்தாம் நாள் வாய் முழுக்கப் புண், கஞ்சிகூட இறங்கவில்லை. ஏழாம் நாள் வயிற்றோட்டம், ஒரே இரவில் பத்துத் தடவை. "மருந்தெண்டா இப்படித்தான் மனே" என்று எட்டாம் நாளும் விழுங்கினார். நான் தடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு ஓட்டோவில் ஏற்றி வாட்டில் சேர்த்தோம். வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்திருந்தன.

அப்பா தேறிய பிறகு டொக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். கபெசிட்டபின் உடலுக்குள் போய் ஃபுளோரோயுராசிலாக மாறுகிறது. 1957இலேயே வந்த பழைய மருந்து அது. அதில் 80 சதவீதத்துக்கு மேல் டிபிடி என்ற நொதியம்தான் சிதைக்கிறது, பெரும்பாலும் ஈரலில். அந்த நொதியத்தை ஆக்கும் டிபிவைடி என்ற ஜீனில் பழுதிருந்தால் நொதியம் குறையும், மருந்து வெளியேறாமல் தேங்கும். அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது: "மாரியில மணல் அடைச்ச முகத்துவாரத்தை வெட்டாட்டி வயலெல்லாம் மூழ்குமே, அதுபோலதானே?"

அந்த ஜீனைப் பரிசோதிக்க, கொழும்பிலுள்ள ஆய்வுகூடம் ஒன்றின் மூலம் அப்பாவின் இரத்தம் வெளிநாட்டுக்குப் போனது. மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது: ஜீனின் இரண்டு பிரதியில் ஒன்று பழுது. ஐரோப்பிய மருந்து முகமை 2020இலேயே, இந்த மருந்துகளைத் தொடங்குமுன் டிபிடி குறைபாட்டைப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு முதற்குளிசைக்கு முன் யாரும் அதைச் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்குப் போகாது.

அடுத்த சுற்று பாதி அளவு. பாதி மருந்து நோயைக் கொல்லுமா என்று பயந்து கேட்டேன். மற்றவர்களுக்கு முழு அளவு தருவதை இவருக்குப் பாதியே தரும் என்றார் டொக்டர். மிஞ்சியிருக்கும் புற்றுக் கலங்கள் அதற்கு மசியுமா என்பது தனிக்கதையாம்: மருந்து தாக்குவது தைமிடிலேட் சிந்தேஸ் என்ற இன்னொரு நொதியத்தை, அது கட்டிக்குக் கட்டி கூடிக் குறையும்.

சரி, இப்போது நான்கு சுற்று முடிந்துவிட்டது. வாய்ப்புண் இல்லை. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் 'டிபிடி குறைவு, பாதி அளவு' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தப் பழுது பரம்பரையாக வருவதாம். தம்பிக்கும் எனக்கும் எடுத்த இரத்தத்தின் முடிவு இன்னும் வரவில்லை.