ஸ்டியரிங் தானாகத் திரும்ப வேண்டும்

அந்தப் பிக்கப் பட்டறைக்கு வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முன்பக்கம் சாலிட் ஆக்சில் (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு), 3 அங்குலம் உயர்த்திய காயில் ஸ்பிரிங், 35 அங்குல டயர். வேறு எங்கோ உயர்த்திய வண்டி. 80 கிலோமீட்டர் வேகத்தில் சாலையில் ஒரு சின்ன மேடு குறுக்கிட்டாலும் முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன, ஸ்டியரிங்கைக் கையில் பிடிக்க முடியவில்லை, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்தான் அடங்குகிறது என்றார் உரிமையாளர். தொழிலில் இதை டெத் வாபிள் என்போம். ஒரு முறை அனுபவித்தவர்களுக்கு அந்தப் பெயர் மிகையாகத் தெரியாது.

ஸ்டியரிங் டேம்பர் என்பது ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர். கம்பெனி டேம்பரைவிடத் தடிமனான ஒன்றை மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் அதே வண்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை ஆட்டம் வந்தபோது வண்டிக்குள் அவருடைய குழந்தையும் இருந்திருக்கிறது. அவர் அதைக் கோபமில்லாமல் சொன்னார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பட்டறையின் மூத்த மெக்கானிக்கை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் திட்டவில்லை. “எஞ்சினை ஸ்டார்ட் பண்ணு தம்பி. ஸ்டியரிங்க இந்தப் பக்கம் கால் சுத்து, அந்தப் பக்கம் கால் சுத்து ஆட்டிக்கிட்டே இரு, நிறுத்தாதே” என்று சொல்லிவிட்டு அடியில் போய்ப் படுத்தார். வண்டி ஜாக்கியில் இல்லை, தன் முழு எடையோடு தரையில் நின்றது. ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் என்னைப் படுக்கச் சொல்லி அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பான்ஹார்ட் ராட், அதாவது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்து நிறுத்தும் கம்பி, சேசிஸ் பக்கத்தில் போல்ட்டோடு சேர்ந்து அசைந்தது. பிராக்கெட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும், அவ்வளவுதான். கையால் பிடித்துக் குலுக்கினால் தெரியாது. சக்கரத்தின் எடை சாலையில் அடிக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் போதும்.

பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் சரியான துளை போட்ட தகடு வைத்து வெல்ட் செய்தோம். முன்சக்கரங்களை இணைத்துத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு, அதாவது டை ராட் எண்ட், ஒன்று தேய்ந்திருந்தது, அதை மாற்றினோம். டோ-இன், அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு, சரி செய்து, நான்கு டயரையும் பேலன்ஸ் பார்த்தோம். பிறகு அண்ணன் நான் மாட்டிய டேம்பரையே கழற்றி வைத்துவிட்டு, ஆளில்லாத நீண்ட சாலையில் மெதுவாக வேகத்தை ஏற்றிக்கொண்டே ஓட்டினார். டேம்பர் இல்லாமலே வண்டி அமைதியாகப் போனது. அதற்குப் பிறகுதான் பழைய, மெல்லிய, கம்பெனி டேம்பரை மாட்டினோம். இன்றுவரை ஆட்டத்தோடு வரும் எந்த வண்டியிலும் நான் முதலில் செய்வது டேம்பரைக் கழற்றுவதுதான். நோயை மறைக்கிற பாகம் இருக்கும்வரை நோய் எங்கே என்று தெரியாது.

வண்டியை உயர்த்தும்போது நடப்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் சில வருடம் ஆனது. ஸ்பிரிங் நீளமாகிறது, உடல் மேலே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அடியில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் தன் கோணத்தை மாற்றிக்கொள்வது தெரியாது. பழைய லேண்ட் குரூசர் 80, நிசான் பேட்ரோல், சுசூகி ஜிம்னி போன்றவற்றில் முன் ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் இரண்டு நீளமான கைகள், ரேடியஸ் ஆர்ம்கள், பிடித்திருக்கும். அந்த ஆர்ம் 90 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை 5 சென்டிமீட்டர் தூக்கினால் ஆர்ம் சுமார் 3 டிகிரி சாய்கிறது. ஆக்சில் அதோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் அதுவும் அதே அளவு முன்பக்கமாக உருளும். கம்பெனி கொடுத்த கேஸ்டர் கோணமே 3, 4 டிகிரிதான் இருக்கும் வண்டியில் மிச்சம் என்ன இருக்கும்?

கேஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு. அந்தச் சாய்வால்தான் கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓடப் பார்க்கிறது. அது போய்விட்டால் வண்டி சாலையில் அலையும். ஓட்டுபவர் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருப்பார், இரண்டு மணி நேரத்தில் தோள் வலிக்கும். பலர் இதை “உயரமான வண்டி என்றால் இப்படித்தான்” என்று ஏற்றுக்கொள்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். 2 அங்குல லிஃப்ட்டுக்கு துளை மையம் விலகிய கேஸ்டர் புஷ்கள் (ஆர்மின் மூட்டுக்குள் உட்காரும் உருளைகள்) போதும். அதற்கு மேல் போனால் ஆர்மின் சேசிஸ் முனையைக் கீழே இறக்கும் பிராக்கெட்டோ, வடிவம் மாற்றிய ஆர்மோ வேண்டும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மட்டும் இருக்கிற பெட்டியை முழு கிட் என்று விற்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வெளியே வரும் கை, பிட்மேன் ஆர்ம், விஷயத்திலும் இதே கதைதான். ஒருவர் தானே வீட்டில் கிட் மாட்டிவிட்டு வந்தார். கிட்டோடு கீழ்நோக்கி வளைந்த பிட்மேன் ஆர்மும் வந்திருக்கிறது, அதையும் மாட்டியிருந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாக ஒரு பக்கம் திரும்பியது. காரணம் எளிது. பான்ஹார்ட் ராடும், பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கும் (drag link) ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தால் ஆக்சில் மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வளைவில் நகரும், ஸ்டியரிங்குக்கு ஒன்றும் தெரியாது. அவர் டிராக் லிங்க்கின் ஒரு முனையை மட்டும் இறக்கிவிட்டார். பான்ஹார்ட் ராட் பழைய உயரத்திலேயே நின்றது. இரண்டு வளைவுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பியது. அவர் வண்டியில் பழைய பிட்மேன் ஆர்மைத் திரும்ப மாட்டி, பான்ஹார்ட் ராடை நீளம் மாற்றக்கூடிய ஒன்றாகப் போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்தோம். சரியாகிவிட்டது.

முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு, உள்ள பிக்கப்கள் வேறு மாதிரி ஏமாற்றும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு ஸ்பேசர் (இடைவெளித் தகடு) வைத்தால், கீழ் ஆர்மின் நெம்புகோல் கணக்கால் உயரம் ஸ்பேசரின் தடிமனைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். மலிவு, வேலையும் சுலபம். ஆனால் சக்கரம் முழுதாகக் கீழே தொங்கும்போது அதுவும் அதே அளவு அதிகம் இறங்கும். அந்தக் கூடுதல் இறக்கத்தை மேல் பால் ஜாயின்ட்டும், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டான சிவி ஜாயின்ட்டும் தாங்க வேண்டும். கிழிந்த சிவி பூட்களை, அதாவது அந்த மூட்டின் ரப்பர் உறைகளை, எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கு இல்லை. இந்த வகை வண்டியில் 2 அங்குலத்துக்கு மேல் கேட்டால், கோணம் திருத்திய மேல் ஆர்ம் (அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்) சேர்த்துத்தான் செய்வேன்.

பாகம் தேர்வு என்று வரும்போது பேச்சு எப்போதும் ஷாக் பிராண்டில்தான் தொடங்குகிறது. நான் எடையில் தொடங்கச் சொல்வேன். வண்டியில் நிரந்தரமாக என்ன இருக்கப்போகிறது? இரும்பு பம்பர், வின்ச், பின்னால் டூல் பெட்டி, மேலே கூடாரம்? இல்லாத பாரத்துக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் வண்டி கல்லில் துள்ளும், துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. புஷ் விஷயத்தில் எனக்கு ரப்பர்தான் பிடிக்கும். பாலியூரித்தேன் தேய்மானம் குறைவு, சாலையில் இறுக்கமாக இருக்கும், உண்மைதான். ஆனால் ரேடியஸ் ஆர்மில் ஆக்சில் முறுக வேண்டிய இடத்தில் அது முறுக விடாது, அந்த விசை பிராக்கெட்டில் போய் இறங்கும். வெளியே துருத்திய ரிம்மையும் முடிந்தவரை தவிர்க்கச் சொல்வேன். சக்கரம் வெளியே போகப்போகப் பள்ளம் ஒவ்வொன்றும் ஸ்டியரிங்கைப் பிடுங்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் நிற்கும், சில மாதத்தில் கிழியும். இறக்கி, இரண்டு அடி முன்னும் பின்னும் உருட்டி, அப்புறம் அடியில் படுத்து டார்க் ரெஞ்ச், அதாவது சரியான இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ரெஞ்ச், போட வேண்டும். முதுகு வலிக்கிற வேலை. உதவியாளர்கள் இதைத்தான் முதலில் தவிர்க்கப் பார்ப்பார்கள், நானும் முதலில் தவிர்த்தவன்தான்.

போன மாதம் ஒரு இளைஞர் 4 அங்குலம் வேண்டும் என்று வந்தார். டயர் 33 போதும் என்றார். நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் 2 அங்குல ஸ்பிரிங், கேஸ்டர் புஷ், நீளம் மாற்றும் பான்ஹார்ட் ராட், நீளமான பிரேக் ஹோஸ் என்று முடிவானது. வேலை முடிந்ததும் அவரையே ஓட்டச் சொன்னேன். ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பி, பிடியை லேசாகத் தளர்த்துங்கள் என்றேன். ஸ்டியரிங் அவர் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானாக நடுவுக்கு வந்து நின்றது. அவர் என்னைப் பார்த்தார், இன்னொரு திருப்பத்திலும் அதையே செய்து பார்த்தார்.

1,000 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்களை மறுபடி இறுக்க வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று வந்திருந்தார். பான்ஹார்ட் ராடின் சேசிஸ் பக்க போல்ட்டைத்தான் முதலில் பார்த்தேன். ரெஞ்ச் உடனே கிளிக் என்றது.