ஜாடைப் பேச்சு இல்லாத வீடுகள்

மாலை ஆறரை மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு என் அம்மா அடுக்களைக்குள் போய்விடுவார். இரவுச் சமையல் முடியும்வரை அவர் தொடர்களைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். ஆனாலும் கதையில் எதுவும் அவருக்குத் தவறிப்போவதில்லை. ஏனெனில் கைபேசியில் பேசுகிறவர், "என்னது, அண்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களா?" என்று மறுமுனையில் சொன்னதைத் திரும்பச் சொல்கிறார், தம்பிக்குத் தெரியாததுபோல, "பத்து வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன நம்ம அப்பா" என்று அக்கா அவனிடமே எடுத்துரைக்கிறாள், சதி செய்கிறவள் யாருமில்லாத அறையில் தன் திட்டம் முழுவதையும் மனக்குரலில் ஒப்பிக்கிறாள்.

இப்படி எழுதப்படுவதற்கான காரணங்கள் எனக்குப் புரியாமல் இல்லை. தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத் தொடர்கள் பல வந்தன. முதல் வசனத்தை எழுதும்போதே முடிவும் எழுதுகிறவரின் கையில் இருந்தது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடியது. விளம்பரம் போக ஒரு நாளைக்குச் சுமார் 20 நிமிடக் கதை, வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், திரைக்கதைக்கு ஒருவர், வசனத்துக்கு இன்னொருவர், இவர்களுக்கு மேல் வாரந்தோறும் வரும் டி.ஆர்.பி. கணக்கு என்ற நெருக்கடியில், உதவி இயக்குநர் கேமராவுக்கு அப்பால் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுக்க, தமிழ் தாய்மொழியல்லாத நடிகை அதைத் திருப்பிச் சொல்ல, பிறகு வேறொருவர் அதற்குக் குரல் கொடுக்கிறார். இந்த உழைப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அவசரம் மட்டும் இதற்குக் காரணமில்லை என்றே நினைக்கிறேன். நம் வீடுகளில் மனத்தில் உள்ளதை யாரும் எதிராளியின் முகத்துக்கு நேரே முழுவதுமாகச் சொல்வதில்லை. என் ஆச்சிக்கு மருமகள்மீது கோபம் வந்தால், திண்ணையில் விளையாடும் பேரனைக் கூப்பிட்டு, "ஏலே, இந்த வீட்டுல விளக்கு வைக்க ஆள் இல்லையாக்கும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி பேரனுக்கானது அன்று என்பது தெருவுக்கே தெரியும். தாத்தா ஆச்சியோடு பேச்சை நிறுத்திய நாள்களில், தண்ணீர் வேண்டுமென்பதைக்கூடத் தூணுக்குச் சொல்வதுபோல்தான் சொல்வார். ஜாடையாகப் பேசுவது, பெயர் சொல்லாமல் சுட்டுவது, கேட்ட கேள்விக்கு வேறொரு கேள்வியால் பதில் சொல்வது ஆகியவை நம் குடும்பப் பேச்சின் உயிர்நாடி. தொடர்களில் வரும் மாமியார்களோ, "நான் உன்னை வெறுக்கிறேன், இந்த வீட்டை விட்டு உன்னைத் துரத்தாமல் விடமாட்டேன்" என்று நேராகவே அறிவிக்கிறார்கள். அப்படி அறிவித்த பிறகு நடிக்கிறவருக்குக் கண்ணை உருட்டுவதைத் தவிர வேறென்ன வேலை மிஞ்சும்?

வட்டார வழக்கும் இவ்வாறே போய்விட்டது. கதை மதுரையிலோ காரைக்குடியிலோ நடப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் பண்ணையாரும் பால்காரரும் கல்லூரிப் பெண்ணும் ஒரே குரலில், ஒரே நீளத்தில் பேசுகிறார்கள். பெயர்களை மறைத்துவிட்டால் எந்த வரி யாருடையது என்று பிரிக்க முடியாது.

கேட்கிறவர்களுக்காகத்தான் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது என்ற வாதத்தை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வானொலி நாடகங்களை முழுக்கக் காதால் மட்டுமே கேட்டு வளர்ந்தவர் என் அம்மா. கதவு சாத்தும் ஓசையிலும் பாதியில் நின்ற ஒரு வாக்கியத்திலும் யார் கோபமாக இருக்கிறார்கள் என்பதை அவர் அன்றே புரிந்துகொண்டவர்.

சென்ற மாதம் ஒரு தொடரில், வீட்டை விட்டுப் போன மகன் பல ஆண்டுகளுக்குப் பின் வாசலில் வந்து நிற்கிறான். தாய் தன் துயரத்தை வரிசைப்படுத்தி அழப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தாள். பின்னணி இசையும் இல்லை. கூடத்தில் சத்தம் நின்றுபோனதை உணர்ந்த அம்மா, அடுப்பைத் தணித்துவிட்டு, கையில் கரண்டியோடு வெளியே வந்து, அந்தக் காட்சி முடியும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.