சர்வருக்கு வைத்த பொட்டு

காலை ஒன்பதரைக்கு, நான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கும் கடலூர் முதுநகர் மண்டியிலிருந்து போன். கணக்குப்பிள்ளை ஐயாதான். "தம்பி, பில்லுல தேதி மட்டும் லேசா தப்பா வருது."

"நேத்து தேதி வருதா ஐயா?"

"இல்ல, 2008 வருது."

நெல்லிக்குப்பம் கடைக்காரர் ஒருவருக்கு அந்தத் தேதியில் பில்லும் போய்விட்டதாம். 2017 ஜூலை 1ஆம் தேதி வந்த ஜிஎஸ்டியை, 2008 புத்தாண்டு அன்றைக்கே மிளகாய் வற்றலுக்கு 5 சதவீதம் போட்டு வைத்திருந்தது மண்டியின் கணக்கெல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர். அவர் போன் செய்து, "இந்தத் தேதியிலேர்ந்து வட்டி கணக்குப் போட்டுடாதீங்க சாமி" என்றிருக்கிறார்.

என்ன ஆகியிருக்கும் என்று புரிந்தது. முந்தின நாள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். அப்புறம் சர்வர் அணைந்திருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியை நினைவில் வைத்துக்கொள்வது மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் பேட்டரி. சிஆர் 2032. 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், அளவையே பெயராக வைத்துவிட்டார்கள். அது தீர்ந்துபோனால் பெட்டி தன் தொடக்கத் தேதிக்கே போய்விடும். இந்தப் பெட்டியை வாங்கியதே 2010இல். பிறப்பதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது.

மஞ்சக்குப்பத்தில் வாட்ச் கடையில் பேட்டரி ஒன்று வாங்கிக்கொண்டு கெடிலம் பாலம் தாண்டி வண்டியை விட்டேன். அரை மணி நேர வேலை, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று நினைப்பு.

புது சர்வர் வாங்குங்கள் என்று முதலாளியிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன். "தானே புயலையே பார்த்த பெட்டி தம்பி" என்பார். உண்மைதான். 2011 டிசம்பர் 30 அன்று ஊரே சாய்ந்தபோதும் இது நின்றிருக்கிறது. ஆனால் புயல் ஒரு நாள். உப்புக்காற்று தினமும் வீசுகிறது. மூடியின் திருகாணிகள் துருவேறி, ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் தலை மழுங்குகிறது.

மூடியைக் கழற்றக் குனிந்தபோதுதான் முன்பக்கம் கண்ணில் பட்டது. மூன்று ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றின் விளக்கின் மீதும் வரிசையாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

"ஐயா, இது என்ன?"

"ஆயுத பூஜைக்கு வச்சது தம்பி. நடுவுல இருக்கிறது மஞ்சளா மினுக்கு மினுக்குனு கண்ணைக் குத்திச்சு. அதுக்கு மட்டும் வச்சா நல்லா இருக்காதேன்னு மூணுக்கும் வச்சுட்டேன்."

ஒவ்வொன்றாக உரித்தேன். இடது, பச்சை. வலது, பச்சை. நடு, மஞ்சள். டிஸ்க் படுத்துவிட்டது என்று அர்த்தம். ஆயுத பூஜை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது.

இந்த மூன்று டிஸ்கையும் சேர்த்து வைத்திருக்கும் முறைக்கு ரெய்டு 5 என்று பெயர், மூன்று பேர் சேர்ந்து கணக்கு வைத்திருப்பது மாதிரி. ஒருவர் வராவிட்டாலும் மற்ற இருவரும் கூட்டிக் கழித்து அவர் பங்கையும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது ஆளும் படுத்துவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூன்றும் ஒரே நாளில் வாங்கிய டிஸ்க், ஒரே வயசு. நெல்லிக்குப்பத்துக்காரர் மட்டுமில்லை, மொத்த ஊர் பாக்கியும் ஐந்து மாதமாக ஒரு பொட்டுக்குப் பின்னால் ஊசலாடியிருக்கிறது.

பேட்டரி அப்படியே பையில் கிடக்கட்டும். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்தேன். மூன்று மணி நேரம். சாப்பாடு போச்சு.

அப்புறம் பெட்டியை அணைத்துத் திண்ணைக்குத் தூக்கி வந்து மூடியைத் திறந்தேன். சர்வர் அறைக்குப் பக்கத்து அறை மிளகாய் குடோன். பதினைந்து வருடமாக ஃபேன் அந்தக் காற்றைத்தான் இழுத்திருக்கிறது. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் தகடுகளுக்கு நடுவே செம்பழுப்பில் மெத்தை மாதிரி தூசி. மேலே ஒரு படலம் விபூதி. ஃபேன் எகிறிச் சுற்றாமல் இருக்க ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயரைப் போட்டேன். அவ்வளவுதான். நான் தும்மினேன், ஐயா தும்மினார், மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் தும்மினார்கள், தெருவில் சைக்கிளில் போனவர் காலை ஊன்றி நின்று தும்மிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். முதலாளி மட்டும் மூக்கை நிமிர்த்தி, "குண்டூர் சரக்கு" என்றார்.

பேட்டரி மாற்ற அரை நிமிடம்.

டிஸ்க்தான் பாடு. சர்வருக்கென்றே வரும் 300 ஜிபி எஸ்ஏஎஸ் வகை டிஸ்க் இப்போது யார் வைத்திருக்கிறார்கள்? சென்னை ரிச்சி தெருவில் பழைய சரக்காக ஒன்று கிடைத்து, இரண்டு நாள் கழித்து பார்சலில் வந்தது. மாலை ஏழு மணிக்கு, மஞ்சள் விளக்கை இரண்டு முறை சரிபார்த்து, நடு டிஸ்கை உருவிப் புதியதைச் செருகினேன். தவறான டிஸ்கை உருவினால் கதை முடிந்தது. மீதி இரண்டு கிழங்களையும் தலை முதல் கால் வரை படித்துத்தான் சர்வர் புது டிஸ்கை நிரப்பும். இழவு விழுந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் விழும். அதனால் விட்டுவிட்டு வர மனசில்லை.

பதினொன்று மணிக்கு 41 சதவீதம். முதுநகர் கொசு என்றால் சாதாரணக் கொசு இல்லை, சாக்கையே துளைக்கும். ஐயா வீட்டிலிருந்து இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவரும் போகாமல் ஒரு துவரம்பருப்பு மூட்டை மேல் சாய்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "கூடுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டரைக்கு மூன்றும் பச்சை. எழுந்து வந்து ஒவ்வொரு விளக்கையும் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"அப்ப பொட்டு?"

"மேல வைங்க ஐயா. மேல எவ்வளவு வேணும்னாலும் வைங்க."

அன்றிலிருந்து தினமும் காலை ஒன்பதுக்கு எனக்குப் போன் வருகிறது. "மூணும் பச்சை தம்பி." ஞாயிற்றுக்கிழமையும்.

போன வாரம் ஒரு நாள் குரலே சரியில்லை. "தம்பி, நாலாவதா ஒண்ணு சிவப்பா எரியுது." பல் விளக்கியது பாதி, விளக்காதது பாதி, வண்டியை எடுத்தேன். போய்ப் பார்த்தால், சர்வரின் யுபிஎஸ் பிளக்கில் யாரோ புத்தம்புதுக் கொசுவிரட்டி மெஷினைச் செருகியிருக்கிறார்கள்.

முதலாளியைப் பார்த்தேன். "நீதானப்பா அன்னிக்கு ராத்திரி கொசு பிடுங்குதுன்ன" என்றார்.