த்ராட்டில் பொசிஷன் சென்சார்: எரர் கோடு வந்ததும் பார்ட்ஸ் கடைக்கு ஓட வேண்டாம்

ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுக் கிளம்பும். சிக்னலில் நின்றால் ஐடில் ஏறி இறங்கும், சில நேரம் ஆஃப் ஆகிவிடும். 50, 60-ல் சீராகப் போகையில் சின்னச் சின்னதாய் வெட்டும். ஸ்கேனரை மாட்டினால் பி0122 அல்லது பி0123 என்ற எரர் கோடு. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடுதான் த்ராட்டில்; அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது த்ராட்டில் பொசிஷன் சென்சார். உடனே புது சென்சார் வாங்கி மாட்டுவதுதான் பல இடங்களில் வழக்கம். அந்தக் கோடு அப்படிச் சொல்லவே இல்லை. முதலாவது சிக்னல் வோல்டேஜ் குறைவு என்கிறது, இரண்டாவது அதிகம் என்கிறது. 5 வோல்ட் ஒயர் அறுந்தாலும் 0122 வரும். எர்த் ஒயர் விட்டாலும் 0123 வரும். எலி கடித்த ஒயருக்குப் புது சென்சார் மருந்தாகாது.

கேபிள் த்ராட்டில் உள்ள பெட்ரோல் வண்டிகளில் இந்த சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். உள்ளே கார்பன் பூச்சின் மேல் ஒரு சிறு முள் நகரும். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் கரகரக்குமே, அதே கோளாறுதான் இங்கும். நகருக்குள் ஓடும் வண்டியில் முள் அதிகம் தேய்ப்பது ஐடிலிலிருந்து கால்வாசி த்ராட்டில் வரை. அதனால்தான் முழுசாக மிதித்தால் வண்டி நன்றாகப் பறக்கும், மெதுவாகப் போனால் மட்டும் தொல்லை தரும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப். கனெக்டரைக் கழற்றாமல் அதன் பின்பக்கம் மெல்லிய குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தாதீர்கள். மழைக்காலத்தில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்துவிடும்.

கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். முதல் ஒயரில் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் அதே 5 வோல்ட்டைப் பல வண்டிகளில் மேப் சென்சாரும் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பகிர்வதால், அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். 5 வோல்ட் திரும்பி வந்தால் ஷார்ட் அங்கேதான். எர்த் ஒயரில் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சிக்னல் ஒயரில் த்ராட்டில் மூடியிருக்கையில் சுமார் 0.5 முதல் 1 வோல்ட், முழுதும் திறந்தால் 4 முதல் 4.5. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், மேனுவலில் உள்ளதே முடிவு.

முக்கியமான கட்டம் இனிதான். த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்து மூடுங்கள். வோல்டேஜ் எங்கும் விழாமல் சீராக ஏறி இறங்க வேண்டும். சாதாரண டிஜிட்டல் மீட்டர் கண நேர வெட்டைக் காட்டாமலே போய்விடும்; பழைய முள் மீட்டரோ ஆஸிலோஸ்கோப்போ இருந்தால் அதை எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கையில் இன்னொரு முறை பார்த்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டுங்கள். பிறகு ஒருவரை உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். கையால் திறந்தால் 4.3, பெடலால் 3.5 என்றால் குற்றம் கேபிள் தொய்விலோ மிதியடியிலோ.

ஐடில் மட்டும் ஆடி, வோல்டேஜ் சுத்தமாக இருந்தால் த்ராட்டில் பாடியில் படிந்த கரியையும் வேக்கம் குழாய்களையும் பாருங்கள்.

மாற்றும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். இரண்டு ஸ்க்ரூதான், ஆனால் தலை சீக்கிரம் தேயும். அளவு சரியான பிட் வேண்டும். பல சென்சார்களை த்ராட்டில் ஷாஃப்டில் செருகிக் கொஞ்சம் திருப்பினால்தான் துளைகள் நேராகும். திருப்பும்போது ஸ்பிரிங் எதிர்ப்பு தெரியாவிட்டால் ஷாஃப்ட் தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. துளை நீள்வட்டமாக இருந்தால், பேட்டரியை மாட்டி, மூடிய நிலை வோல்டேஜை மேனுவல் சொல்லும் அளவுக்கு வைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே இறுக்குங்கள். இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும். தகடு எதுவரை மூடலாம் என்று நிறுத்தும் த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொட்டு வோல்டேஜைச் சரிசெய்வது படு மோசமான குறுக்குவழி.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலில் கதை வேறு. உள்ளே இரண்டு சென்சார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பி2135 வரும், வண்டி வேகம் எடுக்காது. இங்கும் முதலில் கனெக்டர், ஒயர். அவை சரி என்றால் பெரும்பாலும் முழு த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும், பிறகு ஸ்கேனரில் ரீலேர்ன், அதாவது புது த்ராட்டிலை வண்டியின் கம்ப்யூட்டருக்குப் பழக்குவது. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அந்தத் தகட்டுக்குள் விரலை விடாதீர்கள்; மோட்டார் திடீரென மூடினால் விரல் நசுங்கும்.