காருக்குச் சாம்பிராணி போட்ட கதை

பதினோரு வருஷமாக வாயைத் திறக்காமல் ஓடிக்கொண்டிருந்த காரைப் பேச வைத்தே ஆக வேண்டும் என்று போன ஜூன் மாதம் எனக்குத் தோன்றியது. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. சாம்பல் நிறம். பின் பம்பரில் எங்கள் அபார்ட்மென்ட் தூணின் கையெழுத்து. மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போய் வரும், லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாது. அப்படிப்பட்ட ஜீவனை நிம்மதியாக விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.

எல்லாம் ஆபீஸ் பார்க்கிங்கில் எனக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் தம்பியால் வந்தது. அவன் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் பானெட்டுக்குள்ளிருந்து ‘ஃபூஷ்’ என்று ஒரு சத்தம் வரும். கோவில் யானை மூச்சு விடுவது போல இருக்கும்.

“கோன் ஃபில்டர்ண்ணா. இன்ஜினுக்குப் போற காத்த வடிகட்டற கம்பெனி டப்பாவ தூக்கிட்டு இந்தக் கூம்ப மாட்டினா இன்ஜின் நல்லா மூச்சு விடும். பத்து ஹெச்பி ஏறும்” என்றான்.

எண்பத்துச் சொச்சம் குதிரைத் திறனோடு வந்த வண்டி. அதில் இன்னும் பத்து குதிரை. மேடவாக்கம் சிக்னலில் தொண்ணூறு குதிரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று அப்போது யாராவது கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஜி.பி. ரோடு போனேன். ஒரு சிவப்புக் கூம்பு, வளைந்த அலுமினியக் குழாய், சிலிகான் ஹோஸ் இரண்டு, கிளிப் நாலு, ஃபில்டருக்குப் பூசக் குட்டி பாட்டிலில் எண்ணெய். மொத்தம் 6,500 ரூபாய். “எல்லா வண்டிக்கும் சேரும் சார்” என்றார் கடைக்காரர். எல்லாக் காலுக்கும் சேரும் செருப்பு எப்படி இருக்கும் என்று நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தேன். பழைய ஏர் ஃபில்டர் டப்பா இன்ஜின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கறுப்பு பிளாஸ்டிக், ஒரு குடும்பத்துக்கு இட்லி மாவு கரைக்கிற அளவு. இதற்கு எதற்கு இவ்வளவு இடம் என்று சலித்துக்கொண்டே கழற்றினேன். காற்றை அளக்கிற சென்சாரை அதிலிருந்து எடுத்துப் புதுக் குழாயில் மாட்டினேன். இன்ஜின் தலையிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் என்று ஒன்று மிச்சமிருந்தது. புதுக் குழாயில் அதற்கான மூக்கு கொஞ்சம் ஒல்லி. ஹோஸ் அதன் மேல் தொளதொளவென்று ஆடியது. கிளிப்பை முடிந்த மட்டும் முறுக்கிவிட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

அந்த எண்ணெய் விஷயம். இந்த வகை கோன் ஃபில்டர் வரும்போதே எண்ணெய் பூசித்தான் வரும். பாட்டில் இருப்பது பின்னாளில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் பூசுவதற்கு, அதுவும் மடிப்புக்கு மடிப்பு ஒரு கோடு. காசு கொடுத்து வாங்கிய பாட்டில் ஆயிற்றே என்று நான் முழுவதையும் ஊற்றினேன். பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “எண்ணெய் வெச்சா சூடு தணியும்டா, நல்லதுதான்” என்றார். கழற்றிய டப்பாவைக் காட்டி, “இத தூக்கிப் போடப் போறியா?” என்று கேட்டார்.

“நீ என்ன வேணா பண்ணிக்கோம்மா.”

மாலையில் வேளச்சேரி வரை ஒரு ரவுண்டு போனோம். மிதித்தேன். ‘ஃபூஷ்’. உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, “ஏங்க, வண்டிக்கு வீசிங்கா?” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து வண்டி நிஜமாகவே திணற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அறுநூறுக்கும் ஆயிரத்து நூறுக்கும் நடுவில் ஊஞ்சலாடியது. பள்ளிக்கரணை சிக்னலில் பச்சை விழுந்த நொடியில் அணைந்தே போனது. பின்னால் இருந்த எம்டிசி பஸ் அடித்த ஹாரனில் என் தொண்ணூறு குதிரையும் கலைந்து ஓடிவிட்டன. டாஷ்போர்டில் ஆரஞ்சு நிற இன்ஜின் விளக்கு. லிட்டருக்குப் பதினைந்து என்பது பதினொன்று.

வண்டி கெட்டுப்போனால் நம் ஊரில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. கீழ் வீட்டு மாமா பானெட்டைத் திறக்கும் முன்பே, “எத்தனால்தான். பெட்ரோல்ல இருபது பர்சென்ட் கலக்கறான் இல்ல?” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இப்போதெல்லாம் வைப்பர் ஓடாவிட்டாலும் எத்தனால்தான் காரணம். வாட்ச்மேன் எலி என்றார். சீசீடிவியில் பார்த்தாராம், என் வண்டிக்கு அடியில்தான் குடித்தனமாம். ஆபீஸ் தம்பி மட்டும் வெகு நிதானமாக, “இன்ஜின் புது காத்துக்குப் பழகணும்ண்ணா” என்றான். மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளா அது, பழகுவதற்கு?

தொள்ளாயிரம் ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் படிக்க இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகினேன். போனில் வந்த கோளாறு எண் பி 0171. அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இது எனக்குப் புரியவே ஒரு ராத்திரி ஆனது. புரிந்த விதத்திலேயே சொல்கிறேன். இன்ஜினைக் கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் வருகிறவர்களை எண்ணி உள்ளே அனுப்புகிறார். அவர்தான் காற்றை அளக்கும் சென்சார். அதற்குள் மின்சாரத்தில் சூடேறிய ஒரு பொடிக் கம்பி இருக்கும். காற்று பட்டால் கம்பி குளிரும், சூட்டைப் பழையபடி வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படுகிறதோ அதை வைத்து எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று கணக்கு. உள்ளே சமையல்காரர், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூ, அந்த எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பெட்ரோல் பரிமாறுவார். சுத்தமான பெட்ரோல் என்றால் ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று. எத்தனால் கலந்தால் இந்த எண் கொஞ்சம் இறங்கும் என்பதால் மாமா சொன்னதில் கடுகளவு நியாயம் உண்டு. அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை.

வாசலில் நிற்கிறவர் தூங்கி வழிந்தால்? பந்தியில் சோறு பத்தாது. யாராவது பின்வாசல் வழியாக நுழைந்தால்? அப்போதும் பத்தாது. என் மண்டபத்தில் இரண்டுமே நடந்துகொண்டிருந்தது.

சாப்பாடு பத்தவில்லை என்று புகார் வந்தால் சமையல்காரர் கூடுதலாகப் போடுவார் அல்லவா, அந்தக் கூடுதலை ஸ்கேனர் சதவீதமாகக் காட்டும். ஃபியூயல் ட்ரிம் என்று பெயர். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை, பத்தைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். எனக்கு நின்ற இடத்தில் இருபத்தைந்து, 2,500 ஆர்பிஎம்மில் பதினான்கு.

சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி மேல் பளபளவென்று எண்ணெய். ஃபில்டருக்கு நான் தேய்த்துவிட்ட எண்ணெய்தான், காற்றோடு போய்க் கம்பிக்குப் போர்வை போர்த்தியிருந்தது. போர்த்திக்கொண்டவனுக்குக் குளிர் எங்கே தெரியும், வந்த காற்றையெல்லாம் அவன் குறைத்தே எண்ணியிருக்கிறான். அதைத் துணியால் துடைக்கக் கூடாது, அறுந்துவிடும். அதற்கென்று விற்கிற ஸ்ப்ரேயை வாங்கி அடித்துக் காயவிட்டு மாட்டினேன். ஃபில்டரையும் கழுவிக் காயவைத்தேன்.

இப்போது 2,500 ஆர்பிஎம்மில் நாலு. ஆனால் நின்ற இடத்தில் இன்னும் பத்தொன்பது. மெக்கானிக் பாய்க்குப் போன் போட்டேன். “ஓடும்போது சரியா இருக்கு, நிக்கும்போது மட்டும் ஏறுதுன்னா சென்சார் இல்ல சார், எங்கயோ காத்து லீக். புகை விட்டா தெரிஞ்சிடும். மெஷின் இருக்கு, வியாழக்கிழமை கொண்டாங்க” என்றார். அன்று வெள்ளிக்கிழமை. ஆறு நாள் யார் காத்திருப்பது?

புகைதானே வேண்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை புகைக்கா பஞ்சம்?

பூஜை அலமாரியில் இருந்து நாலு கப் சாம்பிராணி, ஒரு காலி பெயின்ட் டின், மூடியில் இரண்டு ஓட்டை, மாடித் தோட்டத்து டியூப், பையனின் சைக்கிள் பம்ப். வண்டி நன்றாக ஆறியிருந்தது. பாட்டரி வயரையும் கழற்றிவிட்டேன். நெருப்பு இருக்கிற டின் இரண்டு மீட்டர் தள்ளித் தரையில். (இதெல்லாம் சொல்லியும் பாய் பிற்பாடு திட்டினார். பெட்ரோல் வண்டிப் பக்கத்தில் கங்கு வைப்பவனை வேறென்ன செய்வார்கள்? நீங்கள் செய்யாதீர்கள்.) கோன் ஃபில்டரை எடுத்துவிட்டு, குழாய் வாயைப் பாலிதீன் கவரால் மூடி ரப்பர் பேண்ட் போட்டு, அதற்குள் டியூபைச் சொருகினேன். பையனைப் பம்ப் அடிக்கச் சொன்னேன்.

முதலில் டின் புகைந்தது. பிறகு பார்க்கிங் புகைந்தது. அப்புறம்தான் வண்டிக்குள் புகை போனது.

வாசனைக்குக் கூட்டம் கூடிவிட்டது. அம்மா கீழே இறங்கி வந்து, “வெள்ளிக்கிழமை அதுவுமா வண்டிக்குச் சாம்பிராணி போடறயா, எத்தன நாளா சொல்றேன்” என்று கண் கலங்கினார். பாதி பக்தி, பாதி புகை. வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மாமி ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டு வந்து, நான் தடுப்பதற்குள் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். மாமா, “புதுசா வாங்கியிருக்கியா?” என்றார். இத்தனை நாள் அந்த வண்டியைத்தான் அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அங்க!” என்றான் பையன்.

பிரீதர் ஹோஸ் புதுக் குழாயைச் சந்திக்கும் இடத்தில் ஒரு நூல் புகை, நேராக மேலே. கிளிப் இருக்கிறது, முறுக்காகவும் இருக்கிறது. ஆனால் தடி ஹோஸை ஒல்லி மூக்கின் மேல் நசுக்கினால் அது வட்டமாகவா அமரும், ஒரு பக்கம் மடிந்து இடைவெளி விட்டிருந்தது. இன்ஜினின் அடிவயிற்றில் சேரும் ஆவியை வெளியே விடாமல் இன்ஜினே உறிஞ்சிக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு. உறிஞ்சியதற்கு ஈடாகப் புதுக் காற்று இந்த ஹோஸ் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் வாசலில் எண்ணப்பட்ட காற்றாக. என் வண்டியில் அது இடைவெளி வழியாக எண்ணாமல் நுழைந்துகொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது உறிஞ்சும் வேகம் அதிகம், மொத்தக் காற்றோ குறைவு. அதனால்தான் நிற்கும்போது மட்டும் அத்தனை ரகளை. பந்தியில் முப்பது பேர் இருக்கும்போது ஆறு பேர் திருட்டுத்தனமாக வந்தால் தெரியும், முந்நூறு பேரில் யாருக்குத் தெரியப் போகிறது?

நாற்பது ரூபாய்க்கு ஒரு ரப்பர் அடாப்டர் வாங்கி மாட்டினேன். வண்டி பாட்டாகப் பாடியது. ஒரே ஒரு நாள்.

மறுநாள் மறுபடி விளக்கு. இந்த முறை பாயிடமே போனேன். சென்சாரைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனவர், இன்னொரு தடவை முகர்ந்தார். சாம்பிராணி என்பது பிசின். புகை குழாய்க்குள் போகும்போது சென்சாரை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“இருபத்தஞ்சு வருஷமா தொழில்ல இருக்கேன் சார். சென்சாருக்குச் சாம்பிராணி போட்ட மொத ஆளு நீங்கதான்.”

அவர் சுத்தம் செய்து கொடுத்த பிறகு விளக்கு வரவில்லை. ட்ரிம் மூன்று, இரண்டு என்று அடங்கி உட்கார்ந்தது. நானும் அடங்கி உட்கார்ந்திருக்கலாம். ஸ்கேனர் கையில் இருக்கிறதே என்று, செப்டம்பர் மாதம் வேளச்சேரி சிக்னலில் நின்றபடி இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைப் பார்த்தேன். வெளியே 36 டிகிரி. உள்ளே போவது 62.

பழைய டப்பாவுக்கு ஒரு தும்பிக்கை இருந்தது. அது முன் கிரில்லுக்குப் பின்னால் இருந்து வெளிக்காற்றை எடுத்துவரும். என் சிவப்புக் கூம்போ பானெட்டுக்குள் அடுப்படியில் உட்கார்ந்து அனல் காற்றை இழுக்கிறது. காற்று சூடானால் லேசாகும். 36க்கும் 62க்கும் கணக்குப் போட்டால் எட்டு சதவீதம் காற்று குறைவு. ஈசிஆரில் வேகமாகப் போனால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும், உண்மைதான். நான் ஈசிஆருக்கா ஆபீஸ் போகிறேன்? 6,500 ரூபாய் கொடுத்து, இரண்டு மாதம் அலைந்து, நான் வாங்கியிருப்பது ஒரு சத்தம். சத்தம் நன்றாக இருந்தது என்பதை மட்டும் இப்போதும் மறுக்க மாட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பழையபடி மாட்டிவிடலாம் என்று முடிவெடுத்து, டப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். மாடிக்குக் கூட்டிப் போனார். கறுப்பு டப்பா நிறையப் புதினா. தளதளவென்று தும்பிக்கைக்குள்ளும் புகுந்து வெளியே தலை நீட்டியிருந்தது.

“இந்த மாதிரி தொட்டி கடையில கெடைக்காதுடா. அடியில தண்ணி வடிய ஓட்டை கூட அவங்களே போட்டு வெச்சிருக்காங்க.”

“அம்மா, அது வண்டியோடதும்மா.”

“வேர் பிடிச்சுடுத்து. இப்ப எடுக்கக் கூடாது.”

புதுப்பேட்டைக்குப் போனேன். கடையில் அதே மாடல் டப்பா ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. இவ்வளவு எப்படி வந்தது என்று கேட்டேன். “கோன் போட்டவங்க கொண்டாந்து போட்டது சார்.” வாங்குவது யார்? கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அவங்கதான்” என்றார்.

1,800 ரூபாய், பேரம் பேசி 1,500. வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுல கொத்தமல்லி போட்டுடலாமா?”