அமில மையக் கணக்கில் புகுந்துகொள்ளும் தண்ணீர்

மதுரைப் பக்கம் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்புத்தண்ணீர். அம்மோனியம் நைட்ரேட்டில் அயனி மாற்றம் செய்த சியோலைட்டைக் (வினையூக்கியாகப் பயன்படும் நுண்துளைத் திண்ம அமிலம்) கடைசியாக ஒரே ஒரு முறை அதில் அலசினாலும் போதும்: அம்மோனியம் இருந்த இடங்களில் கால்சியமும் சோடியமும் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 550 டிகிரியில் சுட்டாலும் அங்கே அமில மையமாகும் புரோட்டான் வராது. கடைசி அலசல்வரை வாலைவடிநீர்தான்.

அமில மையங்களை அளக்கும் முன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். சிலிக்கான்–அலுமினியம் விகிதம் 15 உள்ள எச்-இசட்எஸ்எம்-5 என்ற சியோலைட்டில், அலுமினியம் ஒன்றுக்கு ஒரு புரோட்டான் என்று வைத்தால் கிராமுக்குச் சுமார் 1.04 மில்லிமோல். அம்மோனியா டிபிடியில் (அம்மோனியாவை ஏற்றி, பிறகு சூடேற்றிக் கழன்று வருவதை அளக்கும் முறை) 1.5 வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

வழக்கமான முறை: 100 மில்லிகிராம் மாதிரி, ஹீலியத்தில் 500 டிகிரியில் ஒரு மணி நேரம், 100 டிகிரிக்கு இறக்கி அம்மோனியா, அதே வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் ஹீலியம், பிறகு நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 600 வரை. 200 டிகிரி அருகே ஒரு மேடு, 400 அருகே இன்னொன்று. முதல் மேட்டை ‘பலவீன அமிலம்’ என்று எழுதிவிடுவது வழக்கம். அதில் பெரும்பங்கு, ஏற்கெனவே உருவான அம்மோனியத்தின் மேல் தொற்றிக்கொண்ட அம்மோனியா. 500க்கு மேல் வருவதோ ஹைட்ராக்சில்கள் கழன்று வரும் தண்ணீர். வாயுவின் வெப்பக் கடத்தலை மட்டும் பார்க்கும் டிசிடி உணரிக்கு அம்மோனியாவும் தண்ணீரும் ஒன்றுதான். அம்மோனியா கொடுக்காமல் ஒரு வெற்று ஓட்டம் ஓட்டிக் கழியுங்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தால் நிறை எண் 17ஐ நம்பாதீர்கள், தண்ணீரும் அங்கே தலைகாட்டும், 16ஐப் பாருங்கள்.

அது இல்லாத கல்லூரிக்கு மலிவான வழி உண்டு. வெளிவரும் வாயுவை 2 சதவீத போரிக் அமிலத்தில் குமிழவிட்டு, 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தல். கெல்டால் (நைட்ரஜனை அளக்கும் முறை) செய்தவர்களுக்குப் பழகிய கை. கிராமுக்கு 1 மில்லிமோல் என்றால் அந்த 100 மில்லிகிராமுக்கு 10 மில்லி செலவாகும். தண்ணீர் கணக்கில் சேராது. குழாயை மட்டும் 110 டிகிரியில் சூடாக வைக்க வேண்டும். ஈரம் படிந்தால் அம்மோனியா அதில் கரைந்து நின்றுவிடும். (இன்னொரு திண்ம அமிலமான சல்ஃபேட்டட் சிர்கோனியாவுக்கு டிபிடியே வேண்டாம். சல்ஃபேட் சிதைந்து, அம்மோனியாவையும் ஆக்சிஜனேற்றிவிடும்.)

மையம் பிரான்ஸ்டெட்டா (புரோட்டான் கொடுப்பது), லூயிஸா (எலக்ட்ரான் இணையை ஏற்பது) என்று டிபிடி சொல்லாது. அதற்குப் பிரிடின் என்ற காரத்தை ஏற்றி எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலை. 13 மில்லிமீட்டர் அச்சில் எதுவும் கலக்காமல் அழுத்திய 15 மில்லிகிராம் வேஃபர் (மெல்லிய வில்லை). வெற்றிடத்தில் 450 டிகிரி. 150 டிகிரியில் பிரிடின் ஆவி, அதே வெப்பத்தில் அரை மணி வெற்றிடம். அலை எண் (செ.மீ⁻¹) 1545 பிரான்ஸ்டெட், 1450 அருகே லூயிஸ், 1490 இரண்டுக்கும் பொது. மேட்டின் பரப்பை மைய எண்ணிக்கையாக மாற்ற எமைஸ் 1993இல் தந்த குணகங்கள் பிரான்ஸ்டெட்டுக்கு 1.67, லூயிஸுக்கு 2.22. அவற்றின்படி 1545இன் பரப்பு 5 என்றால் கிராமுக்குச் சுமார் 0.26 மில்லிமோல் பிரான்ஸ்டெட் மையங்கள். சாபோ-34 என்ற நுண்துளைத் திண்மத்தின் 0.38 நானோமீட்டர் வாசலில் பிரிடின் நுழையாது. அங்கே இந்த எண்ணுக்குப் பொருளில்லை.

வெற்றிடக் கலம் இல்லாமல் கேபிஆர் (பொட்டாசியம் புரோமைடு) வில்லையில் செய்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனம். கேபிஆர் ஈரத்தை இழுக்கும். லூயிஸ் மையத்தில் தண்ணீர் அமர்ந்தால் அது பிரான்ஸ்டெட்டாக மாறிக் காட்டும். போதாததற்குப் பொட்டாசியமும் பிரிடினியத்தின் இடத்துக்குப் போட்டியிடும். 3400 அருகே தண்ணீரின் அகன்ற மேடு தெரிந்தால் அந்த வில்லையின் பிரான்ஸ்டெட்–லூயிஸ் விகிதத்தை எழுத வேண்டாம்.